மவுஸ் பிடிக்கும் கைக்கு உளியும் பழகட்டும்

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்று தெரிந்ததும், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆளுக்கொரு சந்தேகம் கேட்பார்கள். அண்மைக் காலமாக ஒரு கேள்வி அதிகம் வருகிறது. "பையனுக்குப் பொருள்களை டிசைன் செய்வதில் ஆசை. கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டோம். எந்த சாப்ட்வேர் போட்டுக் கொடுக்கலாம்?"

சாப்ட்வேர் பெயர்களைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன் வாங்க வேண்டிய பொருள்கள் சில உண்டு. ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு பேப்பர் கட்டர், கொஞ்சம் அட்டை, ஒரு பாட்டில் ஃபெவிகால், நாலு தாள் உப்புத்தாள். பொருள் வடிவமைப்பில் முன்னேற நினைப்பவர் கையால் மாடல் செய்யப் பழகியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. பகல் முழுவதும் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் நானே இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். காரணங்களைப் பார்ப்போம்.

மானிட்டர் சொல்லாத செய்திகள்

ஒரு டார்ச் லைட்டை கம்ப்யூட்டரில் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மவுஸ் வீலை உருட்டினால் அது திரை முழுக்கப் பெரிதாகும். திருப்பி உருட்டினால் கடுகளவாகும். இதில் எது அதன் உண்மையான அளவு? எண்ணாகப் போட்டிருப்பீர்கள். ஆனால் 45 மில்லிமீட்டர் விட்டம் என்பது உள்ளங்கைக்கு அதிகமா, குறைவா என்பது திரையைப் பார்த்தால் தெரியாது.

அடுத்தது எடை. திரையில் உள்ள எந்தப் பொருளுக்கும் கனம் கிடையாது. பேட்டரி போட்டபின் டார்ச்சின் பின்பக்கம் கீழே இழுக்குமா என்பது கையில் தூக்கினால்தான் தெரியும். மூன்றாவது பிடிப்பு. ஈரக் கையில் வழுக்குமா, ஓரம் விரலில் குத்துமா, பட்டனுக்குக் கட்டைவிரல் எட்டுமா? நான்காவது, பொருள் இருக்கப்போகும் இடம். சமையல் மேடையில் வைத்தால் அடைக்குமா, சட்டைப் பையில் போட்டால் துருத்துமா?

இந்த நான்கையும் ஓர் அட்டை மாடல் இருபது நிமிடத்தில் சொல்லிவிடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டி போல ஒன்றைத் தயாரிக்க இன்ஜெக்‌ஷன் மோல்டிங் அச்சு அடிக்க வேண்டும். சிறிய பெட்டிக்கே அந்தச் செலவு லட்சக்கணக்கில் போகும். அச்சு அடித்தபின் 'பட்டன் எட்டவில்லை' என்று தெரிந்தால் போன பணம் திரும்பாது. வீட்டை அடமானம் வைத்துத் தொழில் தொடங்குபவருக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை.

மவுஸே மரத்தில் பிறந்ததுதான்

நீங்கள் கையில் பிடித்திருக்கும் மவுஸின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற அமெரிக்கர் யோசித்ததை, அவருடன் பணியாற்றிய பில் இங்கிலிஷ் 1964-ல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் செய்து முடித்தார். அந்த முதல் மவுஸ் குடைந்தெடுத்த ஒரு மரக்கட்டை. அடியில் இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பட்டன்.

1980-ல் ஆப்பிள் நிறுவனத்துக்காக மலிவான மவுஸ் வடிவமைக்க வந்தவர்களில் ஒருவரான டீன் ஹோவி, கடைக்குப் போய் அக்குளில் உருட்டித் தடவும் டியோடரண்ட் பாட்டிலும் வெண்ணெய் டப்பாவும் வாங்கி வந்தார். பாட்டிலின் உருண்டையும் டப்பாவும் சேர்ந்து முதல் மாதிரி ஆனது.

இன்றைய ஸ்மார்ட்போனுக்கு அண்ணன் முறையான பாம் பைலட் 1996-ல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஜெப் ஹாக்கின்ஸ், அதற்கு முன் சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, போகும் இடமெல்லாம் எடுத்துச் சென்றார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வார். ஒரு நாளில் எத்தனை முறை எடுக்கிறோம், பையில் கனக்கிறதா என்பதை எல்லாம் அந்தக் கட்டையே அவருக்குச் சொன்னது. வாக்குவம் கிளீனருக்குப் பெயர் பெற்ற ஜேம்ஸ் டைசன், முதலில் அட்டையில் செய்து பார்த்துவிட்டு, பிறகு 5,127 மாதிரிகள் செய்தபின்தான் சரியான வடிவத்துக்கு வந்தார்.

நம் நாட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதியது நாம் தண்ணீர் மொள்ளும் சொம்பைப் பற்றி. நிறைந்திருக்கும்போது எப்படிச் சமநிலை, காலியானால் எப்படி, இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். இவற்றில் ஒன்றுக்கும் படம் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் பாடசாலை

இதற்காக அகமதாபாத் வரை போக முடியாதவர்கள் என்ன செய்வது? எங்கள் கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. கரும்பும் மரவள்ளியும் விளையும் ஊர் என்றுதான் வெளியே தெரியும். ஆனால் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரங்களில் மரச்சிற்ப வேலை பரவலாக நடக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பிள்ளையார் செய்கிறவருக்கும் பொருள் வடிவமைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். முதலில் தாளில் வரைகிறார்கள். அதை மரத்தில் படி எடுக்கிறார்கள். பெரிய உளியால் தேவையற்ற பகுதிகளைத் தள்ளி, முரட்டு உருவம் கொண்டு வருகிறார்கள். முகமும் விரலும் நகையும் பின்னால்தான். எந்த நிலையிலும் நடுக்கோட்டை அழிய விடுவதில்லை. அழிந்தால் உடனே மறுபடி வரைகிறார்கள். பெரியதிலிருந்து சிறியதற்குப் போவது, நடுக்கோட்டை விடாமல் இருப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் தள்ளி நின்று பார்ப்பது. வடிவமைப்புக் கல்லூரி மாணவர்கள் களிமண்ணிலும் ஃபோமிலும் பழகுவதும் இதே ஒழுங்கைத்தான்.

என்னைப் போன்ற புரோகிராமருக்கு இன்னொரு பாடமும் அங்கே இருக்கிறது. மரத்துக்கு 'அன்டூ' கிடையாது. செதுக்கிய சில்லை ஒட்ட முடியாது. அதனால் கை உளியைத் தொடுமுன் மனது வேலையை முடித்திருக்க வேண்டும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் எதிர்த்துத் தள்ளினால் மரம் பிளந்துவிடும். ஒரு பொருள் இன்ன பொருளால் செய்யப்படுகிறது, அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது என்ற அறிவு இப்படித்தான் கைக்கு வருகிறது.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நண்பர்கள் இருவர், கிணற்று மோட்டாரைத் தூரத்திலிருந்து போட்டு நிறுத்த ஒரு கைக்கருவி வடிவமைத்தார்கள். புரோகிராம் பகுதிக்கு நான் உதவினேன். கம்ப்யூட்டரில் அதன் முப்பரிமாணப் படம் விளம்பரம் போல ஜொலித்தது. 85 மில்லிமீட்டர் அகலம், வரிசையாக நாலு பட்டன். அச்சுக்குக் கொடுக்கும் முன் மரத்தில் ஒன்று செய்து பார்க்கலாம் என்று பழக்கப்பட்ட சிற்பி ஒருவரிடம் போனோம். படத்தைப் பார்த்த அண்ணன் விலை பேசவில்லை. "இதை எந்தக் கையில பிடிக்கணும் தம்பி? ராத்திரி மோட்டார் போடப் போறவன் ஒரு கையில டார்ச் வெச்சிருப்பானே?" என்றார்.

வாகை மரத்தில் 85, 72, 60 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று கட்டைகள் செதுக்கிக் கொடுத்தார். பட்டன் இருக்கும் இடத்தில் சின்னக் குமிழ்கள். விவசாயிகள் சிலரிடம் கொடுத்தோம். எல்லோருடைய கையும் 60-ல்தான் நின்றது. பட்டன் நாலிலிருந்து இரண்டானது. கூலியும் மரமும் சேர்ந்து அச்சுச் செலவில் தூசு. அந்த ஒரு கேள்வியை எங்கள் மூவரின் கம்ப்யூட்டரும் கேட்கவில்லை.

மாடலை மலைக்கு எடுத்துப் போங்கள்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏறத் தொடங்கும். வெள்ளிமலையைச் சுற்றி மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். ஏற்ற இறக்கமான பாதையில் சுமையோடு நடப்பவர்கள், சாமையும் கடுக்காயும் கையாளுபவர்கள். கீழே சமவெளியில், ஏசி அறையில் வடிவமைத்த கருவி அங்கே எப்படி வேலை செய்யும்?

லேப்டாப்பைத் திறந்து முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிக் காட்டினால், பார்ப்பவர்கள் மரியாதைக்காக "நல்லா இருக்கு" என்பார்கள். அதே பொருளின் மர மாதிரியை ஒரு பாட்டியிடம் கொடுத்துப் பாருங்கள். தூக்கிப் பார்ப்பார், திருப்பிப் பிடிப்பார், தோளில் சாய்ப்பார், "இங்க உறுத்துது" என்பார். கம்ப்யூட்டரைத் தொட்டே இராதவரும் கருத்துச் சொல்லக்கூடிய ஒரே வரைபடம் மாடல்தான். பொருளைப் பயன்படுத்தப் போகிறவரை வடிவமைப்பில் சேர்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கரன்ட் வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

3டி பிரிண்டர்தான் வந்துவிட்டதே?

நியாயமான கேள்வி. பள்ளிகளில் உள்ள அடல் டிங்கரிங் லேப்களிலேயே இன்று 3டி பிரிண்டர் இருக்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். பல் சக்கரம், ஸ்குரூ உட்காரும் தூண், ஒன்றோடு ஒன்று துல்லியமாகப் பொருந்த வேண்டிய மூடி ஆகியவற்றுக்கு அதுவே சரி. கையால் செய்வது வீண் வேலை.

ஆனால் தொடக்க நிலையில் அது மெதுவான கருவி. மவுஸ் அளவுள்ள ஒரு பொருளை அச்சிடவே சில மணி நேரம் ஆகும். அதற்கு முன் கம்ப்யூட்டரில் வரைந்து முடித்திருக்க வேண்டும். அட்டையிலும் தெர்மோகோலிலும் அதே நேரத்தில் பத்து வடிவங்கள் பார்த்துவிடலாம். இன்னொன்று, மணிக்கணக்காகக் காத்திருந்து வந்த பொருளைத் தூக்கிப் போட மனம் வராது. அதையே சரி என்று நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவோம். அட்டை மாடலைக் கசக்கி எறிய யாரும் வருந்துவதில்லை.

மரம் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்களும் வந்துவிட்டன. பைலில் உள்ளதை அது பிசகாமல் செதுக்கும். ஆனால் பைலில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய, ஒரு முறையாவது கையால் செதுக்கியவர் தேவை. எனவே இது கையா, கம்ப்யூட்டரா என்ற சண்டை இல்லை. எதை முதலில் எடுப்பது என்ற வரிசையைப் பற்றியதுதான் என் வாதம்.

வீட்டிலேயே தொடங்கும் முறை

முதல் படி, அளவு. டிங்கர்கேட் இலவசமானது, பிரவுசரிலேயே இயங்கும். புதியவர்களுக்கு அது போதும். பழகியபின் இலவச சாப்ட்வேரான ஃப்ரீகேட் போட்டுக்கொள்ளலாம். தட்டையான படங்களுக்கு இங்க்ஸ்கேப் நல்லது. பொருளின் முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கப் படங்களை ஏ4 தாளில் நிஜ அளவில் அச்சிடுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பிரிண்ட் விண்டோவில் 'ஃபிட்' என்று இருந்தால் படம் தாளுக்கு ஏற்பச் சுருங்கும் அல்லது விரியும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள். படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் கோடு ஒன்று போட்டு, அச்சிட்டபின் ஸ்கேலால் அளந்து சரிபாருங்கள்.

இரண்டாம் படி, அட்டை. அச்சிட்ட தாளை அட்டையில் ஒட்டி வெட்டிக் கூட்டுங்கள். அழகு தேவையில்லை. பழைய பார்சல் பெட்டி போதும். ஒரே பொருளுக்குக் குறைந்தது மூன்று வடிவம் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வையுங்கள். பைலுக்கு வெர்ஷன் நம்பர் போடுவது போலத்தான் இதுவும்.

மூன்றாம் படி, எடை. உண்மையான பொருள் எவ்வளவு கனக்கும் என்று கணக்கிட்டு, மாடலுக்குள் மணலோ நட்டு போல்ட்டோ வைத்து அதே கனத்துக்குக் கொண்டு வாருங்கள். பேட்டரி எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கமே வையுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்க அதை நிஜப் பொருள் போலவே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி, வளைவுகள். தெர்மோகோல், ஃபோம், களிமண் ஆகியவற்றில் பழகிய பிறகு மரத்துக்கு வாருங்கள். தெர்மோகோலில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்காதீர்கள், கரைந்துவிடும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் நெட்டி என்ற தாவரத்தின் சோற்றுப் பகுதியைக் கத்தியால் சீவி, பெரிய கோயிலின் மாதிரியையே செய்கிறார்கள். தஞ்சை நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மென்மையான பொருளில் எவ்வளவு நுணுக்கம் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு மேல்தான் தேர்ந்த மாடல் வேலை தொடங்குகிறது. அங்கே மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, வார்ப்புரு அட்டை. பொருளின் வளைவைக் கெட்டி அட்டையில் வெட்டி, செதுக்கும்போது மாடலின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளியில் ஒளி தெரிந்தால் அங்கே பள்ளம். அதே அட்டையைத் திருப்பி வைத்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்கு ஓர் ஓலையை நறுக்கி, விகிதப்படி மடித்து, ஒடியோலை என்று வைத்துக்கொள்கிறார்கள். சிலை எந்த உயரமானாலும் அந்த மடிப்புகளே முகம் எவ்வளவு, உடல் எவ்வளவு என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் ஓர் அளவை மாற்றினால் மற்ற அளவுகள் தானாக மாறும்படி வரைகிறோமே, அதே சூத்திரம்தான்.

இரண்டு, மேற்பரப்பு. 80, 120, 220, 400 என்று உப்புத்தாளை வரிசை தாண்டாமல் தேயுங்கள். பட்டி பார்த்து, காய்ந்தபின் மறுபடி தேய்த்து, சாம்பல் நிற பிரைமர் அடியுங்கள். சாம்பல் நிறத்தில் மேடு பள்ளம் ஒளிய முடியாது. மூன்று, பிரியும் இடம். நிஜப் பொருள் எந்தக் கோட்டில் இரண்டாகப் பிரியும், ஸ்குரூ எங்கே வரும் என்பதை மாடலிலேயே காட்டுங்கள். அந்தக் கோட்டை மாடலில் போட்டவருக்கு, அச்சு அடிப்பவரிடம் பேசப் பாதி மொழி வந்துவிட்டது.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். கட்டரை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். பொருளைக் கையில் பிடித்துச் செதுக்காமல் மேசையில் இறுக்கி வையுங்கள். தேய்க்கும்போது மாஸ்க் அணியுங்கள். எந்தத் தூளும் கம்ப்யூட்டர் பக்கம் போக வேண்டாம். சிபியு ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெற்றோருக்கும் கல்லூரிகளுக்கும்

சிற்பப் பட்டறை நடத்தும் பலரும் பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்க்கவே விரும்புகிறார்கள். தவறில்லை. நானும் அந்தப் படிப்பு படித்தவன்தான். ஆனால் அப்பாவின் தொழில் வேறு, தன் படிப்பு வேறு என்று அந்த மாணவர் நினைப்பதுதான் எனக்கு வருத்தம். உளி பிடிக்கத் தெரிந்து கம்ப்யூட்டரிலும் வரையத் தெரிந்தவர், வடிவமைப்பு வேலைக்குப் போட்டியிடும்போது ஒரு படி முன்னால் நிற்பார். அந்தத் திறமையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அருகில் உள்ள இன்ஜினியரிங், பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் செய்யும் மாணவர்களைச் சில நாட்கள் பட்டறைக்கு அனுப்புங்கள். சொல்லிக் கொடுப்பவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் கொடுங்கள். மாணவர்களும், தொழில் தொடங்கும் இளைஞர்களும், "சின்னக் கட்டைதானே அண்ணா" என்று இலவசமாகக் கேட்காதீர்கள். உங்கள் லட்சங்களைக் காப்பாற்றும் வேலைக்கு உரிய கூலி கொடுப்பதுதான் முறை. பட்டறைக்கு வேலை வந்தால்தான் உளி அடுத்த தலைமுறைக்குப் போகும். சாமி சிலைக்கு ஆர்டர் குறையும் மாதங்களில் மாடல் வேலை அவர்களுக்கும் ஒரு கைகொடுக்கும்.

கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள், நல்லது. இந்த மாதம் உங்கள் வீட்டில் உள்ள ஒரு சாதாரணப் பொருளை, டிவி ரிமோட்டோ தோசைத் திருப்பியின் கைப்பிடியோ, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே வசதிக் குறைவு என்று வீட்டில் அதை அதிகம் பயன்படுத்துகிறவரிடம் கேளுங்கள். நிஜ அளவில் அச்சிட்டு, மூன்று அட்டை மாடல் செய்து அவர் கையில் கொடுங்கள். அவர் எதைக் கீழே வைக்காமல் வைத்திருக்கிறாரோ, அதைக் கம்ப்யூட்டரில் வரையத் தொடங்குங்கள்.